கடன், செலவு, ஓட்டு: தங்கச்சிமடத்தில் கேட்டார்கள், சொல்கிறேன்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாலை, தங்கச்சிமடத்தில் சிலர் கூடிப் பேசினோம். அரசு வாங்கும் கடனும் செய்யும் செலவும் நம் ஓட்டை எப்படித் திருப்புகின்றன என்பதுதான் பேச்சு. நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என் பக்கம் வந்தன. அன்று சொன்னதோடு, நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"ஒவ்வொரு குடும்பத்து மேலயும் 2.63 லட்சம் கடன்னு சொன்னாங்களே. எங்க வீட்டுக் கடனோட அதையும் சேர்த்துக்கணுமா?" (நாட்டுப்படகு மீனவர், பாம்பன்)

வேண்டாம் அண்ணே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் கணக்கு அது. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்னார்கள். அரசு கடன் பத்திரம் போடும், ரிசர்வ் வங்கி அதை ஏலம் விடும், வங்கிகளும் எல்.ஐ.சி.யும் வாங்கும். வசூலிக்க யாரும் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். ஓட்டுப் போடும்போது அந்தக் கடன் ஞாபகத்துக்கு வராததும் இதனால்தான்.

ஆனால் அது வேறு உருவத்தில் வரும். 2011 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். இரண்டும் முடிந்ததும் நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஒன்றாக ஏறின. அதற்கடுத்த பஸ் கட்டண உயர்வு 2018 ஜனவரியில். நடுவில் 2014, 2016 என்று இரண்டு தேர்தல்கள் போய்விட்டன. அத்தனை வருடமும் டீசல் விலையும் சம்பளமும் சும்மா இருக்கவில்லை. சேர்ந்த நஷ்டத்தை எல்லாம் ஒரே நாளில் பயணிகள் தலையில் இறக்கினார்கள்.

"எங்க ஆயிரம் ரூபாயாலதான் நாடு கடனாளி ஆச்சுன்னு டிவியில பேசுறாங்க. அது நெசமா ஐயா?" (கடல்பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம்)

இல்லைம்மா. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தமிழகத்தில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத நிலை, 2013-14இலிருந்தே இருக்கிறது. பத்து வருடம் கழித்து வந்த ஆயிரம் ரூபாய் மேல் அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

2025-26 பட்ஜெட்டில் உங்கள் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. அதே வருடம் பழைய கடனுக்கு வட்டி மட்டும் சுமார் 70,000 கோடி, அதாவது ஐந்து மடங்கு. இந்த வட்டியைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை.

அதற்காகக் கடனே பிரச்சினை இல்லை என்று சொல்ல மாட்டேன். வட்டிக்கு வாங்கிப் படகுக்கு இன்ஜின் மாற்றினால், அந்த இன்ஜின் ஓடிக் கடனை அடைக்கும். வட்டிக்கு வாங்கி அரிசி வாங்கினால், அரிசி தீர்ந்த பிறகும் வட்டி நிற்கும். வருவாய்ப் பற்றாக்குறை என்பது இந்த இரண்டாவது வகை. எனக்கு வரும் ஓய்வூதியமும் அந்தச் செலவுக் கணக்கில் அடங்கியதுதான். அதனால் உங்கள் ஆயிரத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

"தள்ளுபடி கொடுத்தா ஓட்டு விழுந்துருமா?" (மிளகாய் விவசாயி, முதுகுளத்தூர்)

2021ஐப் பாருங்கள். ஜனவரியில் பொங்கலுக்கு ரேஷன் அட்டைக்கு 2,500 ரூபாய். பிப்ரவரி 5 அன்று 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. பிப்ரவரி 26 அன்று தேர்தல் தேதி அறிவிப்பு. மே மாதம் அந்த ஆட்சி தோற்றது. 2011இலும் கலர் டிவியும் ஒரு ரூபாய் அரிசியும் கொடுத்த ஆட்சி தோற்றது.

என் கணிப்பு இது: வாங்கியது வாங்கியதுதான், அதற்கு நன்றி சொல்லி ஓட்டுப் போட வேண்டியதில்லை என்று ஜனங்கள் தெளிவாக இருக்கிறார்கள். அடுத்து யார் தருவார், அவர் சொன்னால் செய்வாரா என்றுதான் பார்க்கிறார்கள். ஆள்பவர்களோ கொடுத்துப் பார்ப்பதை நிறுத்துவதில்லை. இந்தியாவின் பொதுத்துறை வங்கிகளைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர் ஷான் கோல் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தேர்தல் வருடத்தில் விவசாயக் கடன் கூடுதலாக ஏறுகிறது என்று காட்டியது. அதிலும் கடும் போட்டியுள்ள இடங்களுக்குத்தான் அதிகம் போயிருக்கிறது.

"தடைக்கால நிவாரணமும் ஓட்டுக்காகத்தானா?" (விசைப்படகுத் தொழிலாளி, மண்டபம்)

2023 ஆகஸ்ட் 18 அன்று உங்கள் மண்டபத்து மாநாட்டில்தான் 5,000 ரூபாய் நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். எட்டு மாதத்தில் மக்களவைத் தேர்தல். 2024இல் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19, 2019இல் ஏப்ரல் 18. இரண்டுமே தடைக்காலத்துக்குள் விழுந்தவை. படகு கரையில் கிடக்கும்போது கணக்கில் ஏறும் பணம் மனதில் நிற்கத்தான் செய்யும்.

ஆனாலும் அதை ஓட்டுக் காசு என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. 61 நாளைக்கு 8,000 என்றால் நாளொன்றுக்கு 131 ரூபாய். தொழிலை நிறுத்தச் சொல்வது அரசு. அப்படியிருக்க, அந்த நாட்களுக்கு அது ஈடு தருவது கடமை.

"சார், இலங்கைல நடந்த மாதிரி இங்கயும் நடக்குமா?" (கல்லூரி மாணவி, ராமேஸ்வரம்)

தங்கச்சி, 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்து தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களை நாம் மறக்க முடியாது. பால் பவுடர் வாங்க வழியில்லாமல், இருந்ததை எல்லாம் படகுக்காரனிடம் கொடுத்து வந்தவர்கள். கடலோரக் காவல் படை மீட்டு வந்து, பிறகு மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள்.

அது அங்கே ஒரு தேர்தலோடு சேர்ந்த கதை. 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச வரியைக் குறைப்பேன் என்று சொல்லி 52 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். சொன்னபடியே டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஏற்கெனவே கடனில் இருந்த கஜானாவுக்கு வருமானமும் போயிற்று. அடுத்து கொரோனா வந்து சுற்றுலா நின்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் அவர் நாட்டை விட்டே போனார். 2024இல் அந்தக் குடும்பத்து வேட்பாளருக்குக் கிடைத்தது 2.57 சதவீதம். 2019இல் 3 சதவீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். கடன் ஒரு தேசத்தின் ஓட்டையே புரட்டிப் போட்டது. ஆனால் அதற்கு அடுப்பு அணையும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் மாநிலத்துக்கு அப்படி நேராது. இலங்கை டாலரில் கட்ட வேண்டியிருந்தது. தமிழகம் வாங்குவது பெரும்பாலும் ரூபாயில், அதுவும் ஒன்றிய அரசு அனுமதிக்கும் அளவுக்குள். 2026 மார்ச் முடிவில் கடன் 9.29 லட்சம் கோடி, மாநிலத்தின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில் 26 சதவீதம் என்பது பட்ஜெட் மதிப்பீடு. இங்கே எதுவும் ஒரே இரவில் இடியாது. படகுத் துறை கட்டுவது தள்ளிப்போகும், ஆஸ்பத்திரியில் பணியிடம் காலியாகக் கிடக்கும். அது கடனால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. எனக்குக் கவலை அதில்தான்.

"பாம்பன் புதுப் பாலம் யாரு காசு?" (டீக்கடைக்காரர், தங்கச்சிமடம்)

ரயில்வேயின் காசு, ஒன்றிய அரசின் கணக்கு. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். மாநிலக் கடனில் சேராது.

"ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நாங்க என்ன கேக்கலாம்?" (மீண்டும் சின்னப்பாலத்து அம்மா)

பட்ஜெட் புத்தகத்தில் தொகையை ஆயிரத்தில் போடுவார்கள். ஒரு திட்டத்தின் பெயருக்கு நேரே வெறும் "1" என்று இருந்தால், ஒதுக்கியது ஆயிரம் ரூபாய் என்று பொருள். டோக்கன் ஒதுக்கீடு என்போம். கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் பிறகு வந்தால் உண்டு. வேலை பார்த்த காலத்தில் அப்படிப் பல "1"களைப் பார்த்திருக்கிறேன். அதனால், "எங்க ஊருக்குச் சொன்ன திட்டத்துக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்குனீங்க, அதுல மார்ச் 31 வரைக்கும் எவ்வளவு செலவாச்சு?" என்று இரண்டு தொகையையும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள் அம்மா. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சேர்ந்தே பார்ப்போம்.