தீர்மானம் வரட்டும், வாழ்க்கைக் குறிப்பு எங்கே?

கேள்வி: டெக்சஸில் என் மகள் இருக்கும் ஊரில், நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்து ஊர்ப் பொதுக்காரியங்களையும் முன்னின்று நடத்திய ஒருவர் காலமானார். மாநிலச் சட்டமன்றமே அவருக்கு அஞ்சலித் தீர்மானம் போட்டதாம். இங்கே சிங்கப்பூரில் ஒரு தமிழாசிரியர் போனால் செய்தித்தாளில் நாலு வரி வந்தாலே பெரிது. நம் நாடாளுமன்றம் ஏன் இதைச் செய்யக்கூடாது?
- வாசகி, ஈசூன்

பதில்: செய்யலாம். செய்தால் மனமார மகிழ்வேன். ஆனால் அந்தத் தீர்மானம் அங்கே எப்படி உருவாகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடும். அந்த நாள்களுக்குள் இப்படிப்பட்ட அஞ்சலித் தீர்மானங்கள் ஏராளமாக வரும். தொகுதி உறுப்பினர் கொண்டுவருவார், அவை எழுந்து நின்று ஏற்கும், ஒரு பிரதி குடும்பத்துக்குப் போகும். சட்ட பலம் எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு, எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பு, பிள்ளைகள் யார் என்று வரிசையாக முழு வாழ்க்கையும் இருக்கும். இதெல்லாம் உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? குடும்பமும் ஊர்க்காரர்களும் எழுதிக் கொடுப்பதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் நாடாளுமன்றம் பெரும்பாலும் நாட்டுத் தலைவர்களுக்கும் முன்னாள் உறுப்பினர்களுக்கும்தான் அஞ்சலி செலுத்துகிறது. முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ மறைந்தபோது 2015 மார்ச் 26 அன்று அதற்கென்றே சிறப்பாகக் கூடியது. அதற்காக ஓர் ஆசிரியரின் பெயர் அங்கே ஒலிக்கவே வழியில்லை என்று நினைக்காதீர்கள். தமிழிலேயே பேச உரிமை உள்ள அவை அது. கல்வி அமைச்சின் செலவு விவாதத்தில் ஓர் உறுப்பினர் இரண்டு நிமிடம் அவரைப் பற்றிச் சொன்னாலே நாடாளுமன்ற உரைப்பதிவில் ஏறிவிடும். தொகுதி மக்களின் குறைகளை உறுப்பினர் நேரில் கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போய் உங்கள் உறுப்பினரிடம் கேட்கலாம். சரி, கேட்கிறீர்கள், அவரும் "விவரம் கொடுங்கள்" என்கிறார். எதைக் கொடுப்பீர்கள்?

கடுமையாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம், நானே இதில் மாட்டிக்கொண்டவன். என் தமிழாசிரியர் இறந்தபோது மண்டாய் தகனச் சாலையில் பழைய மாணவர்கள் நிறையப் பேர் கூடினோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினோம், அழுதோம், அவர் பிரம்பைப் பற்றியும் அவர் வாங்கிக் கொடுத்த பரோட்டாவைப் பற்றியும் சொன்னோம். மறுநாள் இந்த இதழுக்கு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், அவர் எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் செம்பவாங் கடற்படைத் தளத்துத் தமிழ்ப் பள்ளி என்றார், இன்னொருவர் சிலேத்தார் என்று அடித்துச் சொன்னார். அவர் மனைவியிடமாவது முன்பே கேட்டிருக்கலாம், அந்த அம்மாவும் போய்விட்டார். கடைசியில் ஆண்டு இல்லாமலே அச்சிட்டோம். அந்த இதழைப் பார்க்கும்போது இன்னும் மனசு உறுத்துகிறது.

நம் தமிழ்ப் பள்ளிகளே இன்று இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. பள்ளி இருந்தால் பழைய வருகைப் பதிவேடாவது இருக்கும், சுவரில் ஒரு குழுப்படமாவது தொங்கும். பள்ளியும் போய், அங்கே படித்தவர்களுக்கும் எழுபது எண்பது வயது ஆகிவிட்டால், அந்த ஆசிரியர்களைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி மறைந்தது 1974-ல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற 'தமிழ் எங்கள் உயிர்' என்று வீடு வீடாகப் பணம் சேர்த்த கதையை இன்றும் சொல்ல முடிகிறதென்றால், 1935-ல் அவரே தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தில் இருப்பதால்தான். வகுப்பறையோடு நின்றுவிட்ட ஆசிரியருக்குச் சொந்தமாகப் பத்திரிகை ஏது?

மரியாதையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழாசிரியர்களுக்கு 2002 முதல் நல்லாசிரியர் விருது கொடுக்கிறார்கள், அதில் வாழ்நாள் சாதனைக்கும் விருது உண்டு. ஆசிரியர் மேடையில் உட்கார்ந்து தம் காதால் கேட்கும் பாராட்டு அது. இறந்தபின் வரும் எந்தத் தீர்மானத்தையும்விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பியபிறகு, ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் வீட்டுக்குப் போனவர் எத்தனை பேர்? தேசிய ஆவணக் காப்பகம் 1979-லிருந்து வாய்மொழி வரலாறு சேகரித்து வருகிறது. எல்லாரையும் அவர்களே தேடிப் போக முடியாது, அது நம் வேலையும்தான். கைப்பேசி இல்லாத வீடு இங்கே எது?

உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இருக்கிறாரா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள், இரண்டு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அவர் பிள்ளைகளைப் பிடியுங்கள். இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அதன் பிரதியை நாமே கொடுப்போம். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.