தெர்மல் கேமராவில் படம் சரியில்லையா? கேள்வி பதில்

கையடக்கத் தெர்மல் கேமரா (பொருள்களின் சூட்டைப் படமாகக் காட்டும் கருவி) வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். மாடல் பெயர் சொல்லாமல் கேட்டவர்களுக்குப் பொதுவாகவே பதில் தந்திருக்கிறேன்.

குளச்சல், விசைப்படகு மெக்கானிக்: சார், சைலன்சர், பம்பு பேரிங் சூடு பார்க்க ஒரு கேமரா வச்சிருக்கேன். வாங்கினப்போ படம் பளிச்சுன்னு இருந்தது. இப்போ எதைப் பார்த்தாலும் பால் ஆடை போட்ட மாதிரி மங்கலா இருக்கு. சென்சார் போயிட்டா?

சென்சாரைச் சந்தேகப்படும் முன் லென்ஸ் மூடியைப் போட்டுப் பாருங்கள். கேமராவை ஆன் செய்து பத்து நிமிடம் விடுங்கள். மூடியின் ஓரத்தைப் பிடித்து மாட்டுங்கள். உள்பக்கம் விரல் பட்டால் அந்தச் சூடே படத்தில் தெரியும். ஸ்கேலை (எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்ற அளவை) ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் 5 டிகிரி இடைவெளி வைத்து, ஷட்டரை (சென்சாரின் முன்னால் விழும் உள்மூடியை) ஒருமுறை இயக்குங்கள். திரை முழுக்க ஏறக்குறைய ஒரே நிறமாக வந்தால் சென்சார் நலம். கோளாறு லென்ஸின் மேலோ, பார்க்கும் பொருளிலோ இருக்கிறது. கோடு, புள்ளி, வட்டம் என்று எதாவது தங்கினால் உள்ளே கோளாறு. இந்தச் சோதனையை ஆட்டோ ஸ்கேலில் செய்யாதீர்கள். அரை டிகிரி வித்தியாசத்தையும் அது முழு நிறத்துக்கு இழுத்துக் காட்டும், நல்ல கேமராவும் பழுதானதாகத் தோன்றும்.

துறைமுகத்தில் புழங்கும் கேமரா என்பதால் பெரும்பாலும் உப்புப் படலம்தான். முதலில் ஊதுபந்தால் மணலைத் தள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை லென்ஸில் சில விநாடி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், உப்பு கரைய வேண்டும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. லென்ஸ் கண்ணாடி அல்ல, ஜெர்மானியம். அதன் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. உப்புத் துகளோடு துணியை வைத்துத் தேய்த்தால் பூச்சில் விழும் கீறலைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸையே மாற்ற வேண்டும்.

அதே மெக்கானிக்: பனியன் துணி, கார் கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே ஆகுமா?

இரண்டும் கூடாது. இன்னொன்று: ஏசி வண்டியிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு கடற்கரையில் இறங்கிய உடனே லென்ஸில் ஈரம் படியும். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தைத் தண்ணீர் அப்படியே உறிஞ்சிவிடும், மெல்லிய படலமே போதும். ஜிப் பையில் மூடிய நிலையில் இருபது நிமிடம் வெளிச் சூட்டுக்கு விட்டுப் பிறகு திறங்கள்.

தக்கலை, வீட்டு வயரிங்: ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா 'டக்'குனு சத்தம் கேட்டு படம் நிக்குது. சர்வீசுக்குக் குடுக்கணுமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் ஷட்டர் சென்சாரின் முன்னால் விழுந்து அதன் எல்லாப் புள்ளிகளையும் (பிக்சல்களை) ஒரே அளவுக்குச் சமன்செய்கிறது. ஆன் செய்த புதிதில் அடிக்கடி விழும், கேமராவின் உடல் சூடு நிலைப்பட்டதும் இடைவெளி கூடும். சத்தம் வரவே இல்லை, படம் போகப்போகக் கறைபிடிக்கிறது என்றால்தான் சர்வீஸ்.

ஆரல்வாய்மொழி, மின் ஒப்பந்தக்காரர்: அண்ணாச்சி, ஒரு தொழிற்கூடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் லக் (கேபிள் நுனியை இணைக்கும் உலோக முனை) தளர்ந்து கருகியே இருக்கு, கண்ணாலேயே தெரியுது. ஆனா கேமராவில் சுற்றுப்புறத்தைவிட ரெண்டு மூணு டிகிரிதான் கூட. படமும் கலங்கலா இருக்கு. 160க்கு 120 கேமரா, ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன்.

நான்கு காரணங்கள் ஒன்றுகூடியிருக்கின்றன.

முதலாவது தூரம். அகலத்தில் 160 புள்ளி, 45 டிகிரி பார்வை என்றால் ஐந்து மீட்டரில் ஒரு புள்ளி சுமார் 25 மி.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். வெப்பநிலையை நம்ப வேண்டுமானால் பொருள் குறைந்தது மூன்று புள்ளி அகலம் இருக்க வேண்டும், அதாவது 75 மி.மீ. உங்கள் லக் அவ்வளவு பெரிதா? இல்லையென்றால் லக்கின் சூடும் பின்னால் உள்ள வானத்தின் குளிர்ச்சியும் கலந்த சராசரிதான் கிடைத்திருக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் கிட்டப் போய் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். 320க்கு 240, 24 டிகிரி லென்ஸ் உள்ள கேமராவை ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் அதே தூரத்தில் மூன்று புள்ளி 20 மி.மீ.க்குள் வந்துவிடும். டிஜிட்டல் ஜூம் இதற்கு உதவாது, இருக்கிற புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு சரி.

இரண்டாவது காற்று. முப்பந்தலில் காற்றாலை நட்டதற்கு எது காரணமோ அதுவே உங்களுக்கு எதிரி. விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றிலேயே இணைப்பின் வெப்ப உயர்வு பாதியாகக் குறைந்துவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மதிய வேளையில் எடுத்த படத்தை வைத்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. காற்று அடங்கிய நேரம் பாருங்கள்.

மூன்றாவது லோடு. சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பாதி லோடில் கால் பங்கு சூடுதான் உண்டாகும். டங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஆம்பியரைப் பார்த்து, படத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ஆம்பியர் எழுதாத தெர்மல் ரிப்போர்ட்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

நான்காவது உலோகத்தின் பளபளப்பு. பளபளக்கும் அலுமினியம், செம்பின் எமிசிவிட்டி (தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், அதிகபட்சம் 1) 0.1க்கும் கீழே கூட இருக்கும். அது தன் சூட்டைக் காட்டாமல் எதிரில் உள்ளதைப் பிரதிபலிக்கும். கீழிருந்து பார்த்தால் அதில் தெரிவது வானம், தெளிந்த வானமோ கேமராவுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. லக்கைப் பார்க்காமல் அதை ஒட்டிய கேபிளின் பிவிசி உறையைப் பாருங்கள், அதன் எமிசிவிட்டி 0.9க்கு மேல். கருகிய பகுதியும் பளபளப்பான பகுதியைவிட நம்பகமானது. சந்தேகமாக இருந்தால் இரண்டடி தள்ளி நின்று மறுபடி பாருங்கள்: பிரதிபலிப்பு நகரும், உண்மையான சூடு நகராது. லக் கருகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கேமராவின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். லைனை நிறுத்தி இறுக்குங்கள்.

நாகர்கோவில், கட்டட வேலை: மொட்டை மாடியில் நீர்க்கசிவு தேடினால் மத்தியானம் எல்லாம் ஒரே நிறம். வெறும் புள்ளியா நெளியுது.

மதியம் வெயில் தளம் முழுவதையும் சுட்டுவிடுகிறது, பிரித்துக் காட்ட வித்தியாசமே இல்லை. நல்ல வெயில் அடித்த நாளில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து மேலே போங்கள். ஈரம் கோர்த்த காங்கிரீட் சூட்டை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும், காய்ந்த பகுதி சீக்கிரம் ஆறும். கசிவு இடம் வெதுவெதுப்பான திட்டாகத் தெரியும். கீழே அறையின் உட்கூரையில் இதற்கு நேர்மாறு: ஈரம் ஆவியாவதால் அந்த இடம் குளிர்ந்து தெரியும். ஸ்கேலைப் பூட்டி 4 அல்லது 5 டிகிரி இடைவெளி வையுங்கள். ஓரத்தில் சூடான தண்ணீர்த் தொட்டி வந்தால் ஆட்டோ ஸ்கேல் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். மழை பெய்த அன்று போகாதீர்கள். திட்டு தெரிந்தாலும் ஈரமானியால் உறுதி செய்த பிறகே உடையுங்கள்.

மார்த்தாண்டம், போனில் மாட்டும் வகை: நடு கறுப்பு, ஓரம் வெளுப்பு. கூடவே செங்குத்துக் கோடுகள்.

போனின் சூடு கேமராவின் உடலுக்கு ஏறி, ஓரப் புள்ளிகள் அதையே படமாக எடுக்கின்றன. சார்ஜ் போட்டுக்கொண்டே பயன்படுத்தாதீர்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், ஒரு சிறு நீட்டிப்பு கேபிளில் மாட்டிப் போனிலிருந்து விலக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரே சூடுள்ள சுவரின் முன் கேமராவைப் பிடித்துச் செயலியில் சமன்செய்யும் பொத்தானை அழுத்துங்கள். கோடுகள் அப்போதும் போகவில்லை, மூடி போட்டாலும் அதே இடத்தில் நிற்கின்றன என்றால் சென்சார் பழுது. வாரண்டி இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

கீரிப்பாறை, விவசாயி: காட்டுப்பன்னி வருதான்னு ராத்திரி பார்க்க மோனோகுலர் (ஒத்தைக் கண்ணுல வச்சுப் பார்க்கிற தெர்மல் கருவி) வாங்கினேன். மழை விட்ட ராத்திரி மரம், பாறை, தரை எல்லாம் ஒண்ணாயிடுது.

மழை எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, கருவியில் குறையில்லை. அப்படிப்பட்ட இரவில் பின்னணி தெரியாவிட்டாலும் பன்றியின் உடல் தனியாகத் தெரிய வேண்டும். ஃபோகஸ் வளையத்தைத் தூரத்து மரக்கிளை ஒன்றில் சரிசெய்துகொண்டு, கான்ட்ராஸ்டை ஏற்றி, வெள்ளைச் சூடு நிறத்துக்கு (சூடானது வெள்ளையாகத் தெரியும் கறுப்பு வெள்ளைப் படம்) மாறுங்கள். வானவில் நிறங்கள் இரைச்சலைத்தான் (படத்தில் நெளியும் பொய்ப் புள்ளிகளை) பெரிதாக்கும். மூடுபனி இறங்கினால் தூரம் குறையும், அதற்குச் செட்டிங் கிடையாது.

இரணியல்: ஜன்னல் கண்ணாடி வழியா வெளியே பார்க்க முடியலையே?

முடியாது. கண்ணாடி இந்த அலைநீளத்தை மறைக்கும்; தெரிவது உங்கள் முகத்தின் சூடு. ஜன்னலைத் திறங்கள்.

கன்னியாகுமரி: சூரிய உதயத்தைத் தெரியாம இதுல பார்த்துட்டேன். படத்துல ஒரு வளைந்த கோடு தங்கிடுச்சு.

கேமராவை ஆட்டியபோது சூரியன் சென்சாரில் ஓடிய தடம் அது. மூடியைப் போட்டு, சார்ஜரில் வைத்துச் சில மணி நேரம் ஓடவிடுங்கள், இடையிடையே ஷட்டரை இயக்குங்கள். லேசான தடம் சில நாளில் மங்கிப் போவதுண்டு. ஒரு வாரமாகியும் மங்கவில்லை என்றால் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் பேனல் சோதிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, பேனலில் பிரதிபலிக்கும் சூரியனும் சூரியன்தான்.

குலசேகரம்: படத்தை வாட்ஸ்அப்பில் இன்ஜினியருக்கு அனுப்பினேன். டிகிரி எதுவும் எடுக்க முடியலைங்கிறார், படமும் கெட்டுப்போச்சு.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலைத் தகவலையும் உதறிவிடுகிறது, வெறும் நிறப்படம்தான் போய்ச் சேரும். கேமராவின் நினைவு அட்டையிலிருந்து மூலக் கோப்பை எடுத்து 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள். கேலரியில் எடிட் செய்து மறுபடி சேமித்த படத்தை அனுப்ப வேண்டாம், அதிலும் தகவல் போயிருக்கும்.