பஸ்ஸில் பையனைச் சீண்டுகிறார்கள், தலைமையாசிரியர் கைவிரிக்கிறார்

பஸ்ஸில் உங்கள் பையனைப் பெரிய பையன்கள் அடிக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் சொன்னால் கைவிரிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் மனுவாக எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "பள்ளிக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் என்ன செய்வது" என்று வாயால் தட்டிக்கழிப்பது சுலபம், எழுத்தில் அவ்வளவு சுலபமில்லை. இன்னொரு நகல் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கு. அவரும் ஒரு பெற்றோர்தான்.

ஏழாவது படிக்கும் பையனை மன்னார்குடி டவுன் பஸ்ஸில் மட்டும்தான் அடிக்கிறார்கள், வகுப்பில் தொந்தரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் இடம்தான் காரணம். காலை நெரிசலில் கண்டக்டர் முன்படியோடு மல்லுக்கட்டுவார், கடைசி சீட்டில் பெரிய பையன்கள் வைத்ததுதான் சட்டம்.

ஒரு வாரம் டிரைவருக்குப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் சரி. அங்கேயும் தேடி வந்து பையைப் பிடுங்கினால் அவனைத்தான் குறிவைக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ பேசுங்கள். நீங்களே பஸ் ஏறி அந்தப் பையன்களை மிரட்டப் போகாதீர்கள், மறுநாள் அவனுக்குத்தான் விழும்.

அப்புறம், கையில் என்ன நிறக் கயிறு என்று கேட்டார்களா, சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்களா என்று நைசாக விசாரியுங்கள். ஆம் என்றால் டீக்கடைப் பஞ்சாயத்துக்கு விடாதீர்கள். 2023-இல் நாங்குநேரியில், சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்ததாகப் பள்ளியில் புகார் போன பிறகுதான், ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த நிலையில் பள்ளி மனுவோடு சேர்த்து அன்றே காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.