ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் இருக்கும்போது மனம் சரியில்லை என்றால் உடற்பயிற்சி உதவுமா?

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: பரீட்சை எழுதியாயிற்று, பெறுபேறு வரும்வரை வீட்டில், எதிலும் மனமில்லை, நித்திரையும் இல்லை, ‘எக்சர்சைஸ் செய்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மையா?

உண்மைதான். ஆனால் சொல்பவர்கள் சொல்லும் விதத்தில் எனக்கும் எரிச்சல்தான் வந்தது.

நான் முதல் தடவை கணிதப் பிரிவில் எழுதி நினைத்த பெறுபேறு வராமல் இருந்த காலம். விடிய மூன்று மணி வரை போன், பகல் பதினொரு மணிக்கு எழும்புவது, அம்மா கதவைத் தட்டினால் கோபம். பக்கத்து ஒழுங்கை அண்ணை ஒருவர் ஒரு நாள் பின்னேரம் படலையடியில் சைக்கிள் மணியை அடித்து, ‘ஒரு ஆள் குறையுது, சும்மா வந்து நில்லும்’ என்றார். வாசிகசாலைக்குப் பக்கத்து வளவில் வொலிபோல். நான் அடித்த முதல் சேர்விஸ் நெற்றுக்குக் கீழால் போனது, சிரித்தார்கள். இரவு கிணற்றடியில் வாளித் தண்ணீரை ஊற்றும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து எரிந்தது. அன்று பத்து மணிக்கே நித்திரையாகிவிட்டேன், பல கிழமைகளுக்குப் பிறகு.

கவலை அன்றே போய்விடவில்லை. நித்திரை முதலில் திரும்பியது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெல்ல வந்தது. பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. உடம்பு களைத்தால் ஆழ்ந்த நித்திரை வரும், பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால் குழம்பிப்போன உடல் மணிக்கூடு நேராகும். மூளை நரம்புகள் வளர உதவும் பிடிஎன்எப் என்ற புரதமும் உடற்பயிற்சியால் கூடுகிறது. உடற்பயிற்சியின்போது உடம்பில் சுரக்கும் எண்டோர்பின் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், அது மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பதற்றம் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். ஓடினாலும் அதேதான் நடக்கும். நாளாந்தம் ஓடி, படபடத்து, பிறகு அது தானாக அடங்குவதை உடம்பு பழகிக்கொண்டால், பெறுபேறு பார்க்கப் போகும்போது வரும் படபடப்பு அவ்வளவாகப் பயமுறுத்தாது.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், 18க்கு மேல் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவில். எதிலும் மனமில்லாமல் கிடப்பவருக்கு இந்தக் கணக்கே மலையாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், போதும். மனம் வந்தபிறகு போகலாம் என்று காத்திருந்தால் வராது, போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். யாராவது படலையடிக்கு வந்து கூப்பிடுவார்கள் என்றால் இன்னும் நல்லது, ஜிம்முக்குக் காசு கட்டிவிட்டு இரண்டு நாளில் நின்ற ஆள் நான்.

நீங்கள் தம்பியோ தங்கச்சியோ தெரியாது. தங்கச்சி என்றால் இங்கே சிக்கல் கூட என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தோடு நெற்போல் முடிந்துவிடும், பின்னேரம் தனியாக நடந்தால் ‘எங்கே போறாய்’ என்று நாலு பேர் கேட்பார்கள். என் தங்கச்சி இரண்டு சிநேகிதிகளோடு விடிய ஆறு மணிக்கு நல்லூர் வீதியைச் சுற்றி நடந்தாள், கோயிலுக்குப் போகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஒன்று மட்டும் வடிவாகக் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே கிடந்தால், சாப்பாடே இறங்காவிட்டால், அல்லது வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், நடையை நம்பி இருக்கக் கூடாது. 1926க்கு எடுங்கள், அது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது பைத்தியத்துக்கு மருந்தெடுப்பது என்று சொல்லும் மாமாமாரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மாரி தொடங்கினால் எங்கள் வொலிபோல் வளவில் முழங்கால் வரை வெள்ளம் நிற்கும். அப்போது மழை விட்ட நேரம் பார்த்து சைக்கிளில் பண்ணைப் பாலம் வரை போய் வருவேன், எதிர்க்காற்றில் மிதிப்பதுதான் பெரும்பாடு.