எலும்புப்புரை: எந்த மருந்து, எந்த வரிசையில்? (கேள்வி பதில்)

முதியோர் மருத்துவத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோயான எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தை முடிவு செய்வது உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும்.

மகள், திருச்சி: அம்மாவுக்கு 76. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் ‘மளுக்’ என்றது. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.8. ஒரு டாக்டர் ஆண்டுக்கு ஒரு ஊசி என்கிறார், இன்னொருவர் தினமும் ஊசி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் சரியான மருந்துதான். டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை. அதோடு குடம் தூக்கியதற்கே எலும்பு நசுங்கினால் அது தீவிர நிலை.

எலும்பை அரிக்கும் செல்களும் உண்டு, கட்டும் செல்களும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் 5 மி.கி. சோலெட்ரோனிக் ஆசிட் அரிப்பை அடக்கும். தினமும் போடும் 20 மைக்ரோகிராம் டெரிபாராடைட் புது எலும்பைக் கட்டும். உங்கள் அம்மாவின் நிலையில் நான் முதலில் கட்டுவதையே விரும்புவேன். முள்ளெலும்பு ஏற்கெனவே முறிந்த பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் புதிதாக முள்ளெலும்பு முறிந்தவர்கள் டெரிபாராடைட் போட்டவர்களில் 5.4 சதவீதம். அரிப்பை அடக்கும் ரிசெட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம்.

பேனா போன்ற ஊசிதான், வீட்டிலேயே போடலாம். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. முதல் சில நாள் தலை சுற்றலாம், உட்கார வைத்துப் போடுங்கள். எலும்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தாலோ ரத்தத்தில் கால்சியம் அதிகமிருந்தாலோ இது கூடாது. இரண்டு ஆண்டு முடிந்ததும் அரிப்பை அடக்கும் மருந்துக்கு மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டியதெல்லாம் கரைந்துவிடும்.

தினசரி ஊசி முடியாதென்றால் வருத்தப்படாதீர்கள். ஆண்டு ஊசியும் நல்ல மருந்து. சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்த்து, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்துவிட்டுப் போட வேண்டும். முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

மகன், மதுரை: அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளாக ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி. ஸ்கேன் தேறியிருக்கிறது. நிறுத்தலாமா?

அப்படியே நிறுத்தாதீர்கள். டெனோசுமாபும் எலும்பு அரிப்பை அடக்கும் மருந்துதான். அடக்கி வைத்த அரிப்பு, ஊசி நின்றதும் முன்பைவிட அதிக வேகத்தோடு திரும்பும். ஊசியை விட்ட ஒரு பாட்டி என்னிடம் வந்தபோது மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன, நிமிர முடியவில்லை. விழவே இல்லை அவர். நிறுத்துவதானால் அடுத்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கரூர்: பிரண்டைத் துவையல் போதுமா?

சாப்பிடுங்கள், நல்லது. நசுங்கிய எலும்புக்கு அது மருந்தாகாது.

ஈரோடு: கேழ்வரகும் எள்ளும் தினமும் சாப்பிட்டால்?

மேலே சொன்னதுதான். கால்சியம் செங்கல் மாதிரி; கொத்தனார் வேலையை அது செய்யாது.

வேலூர்: கால்சியம் மாத்திரை மட்டும் போதாதா?

தீவிர நிலையில் போதாது. இதே கேள்வி இன்னும் ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதுவே பதில்.

நாகர்கோவில்: முழங்கால் வலிக்கு எந்த ஊசி?

அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும், வேறு நோய். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருமகள், சேலம்: அத்தைக்கு 82. போன மாதம் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இந்த வயதில் இன்னும் ஊசி, மருந்து என்று படுத்த வேண்டுமா?

கோவை: டாக்டர், நடுவில் பேசுகிறேன். நாங்களும் இப்படி நினைத்துத்தான் அம்மாவை விட்டோம். ஒரே ஆண்டில் அடுத்த இடுப்பும் போனது. இன்று பாத்ரூம் போக இரண்டு பேர் வேண்டும்.

சேலம்: செலவு செய்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். தினசரி ஊசிக்கு எங்கே போவது?

கோவைக்காரரின் வேதனை புரிகிறது. சேலத்து மருமகளையும் குறை சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். ஆனால் தினசரி ஊசி மட்டும்தான் வழி என்றில்லை. இடுப்பு முறிந்து ஆபரேஷன் செய்தவர்களிடம் ஆண்டு ஊசியைச் சோதித்த ஆய்வு 2007-இல் வந்தது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 74-க்கும் மேல். உங்கள் அத்தை எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தால் நான் போடச் சொல்வேன். படுக்கையிலேயே, கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதே போதும்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். வழியிலிருக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

கோவை: அம்மாவுக்கு இப்போது டெனோசுமாப்தான் போகிறது. போன தேதி தவறி இரண்டு மாதமாகிவிட்டது. பரவாயில்லையா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே உங்கள் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.