வரப்பில் கிட்டி: எலி பிடிப்பது பற்றிக் கேள்வி பதில்

சம்பா நட்டு ஒரு மாதம் கடந்துவிட்டது. எலி வேலையைத் தொடங்கிவிட்டது, உங்கள் கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. நீடாமங்கலம் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர். தஞ்சாவூர் கிட்டி, அதாவது எலியின் கழுத்தில் கயிறு இறுக்கும் வில்பொறி, கட்டவும் வைக்கவும் பதினைந்து வயதில் தாய்மாமனிடம் கற்றேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயலின் நடுவில் அங்கங்கே பயிர் சாய்ந்து கிடக்கிறது. எலியா, குருத்துப்பூச்சியா? (ஒரத்தநாடு)

ஒரு தூரைப் பிடித்துப் பாருங்கள். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் குருத்துப்பூச்சி. தண்டு தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரத்தில் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டு, வெட்டிய துண்டு அங்கேயே கிடந்தால் எலி. அது தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவதுதான் அதிகம். வரப்போரத்துப் பயிர் பச்சையாக நிற்கும், உள்ளே சொட்டை விழுந்திருக்கும். வரப்பில் நடந்து பார்த்துவிட்டு 'நம் வயலில் எலி இல்லை' என்று திரும்புகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

பத்துக் கிட்டி வைத்தேன், ஒன்றில்கூட விழவில்லை. கிட்டி சரியில்லையா? (வலங்கைமான்)

கிட்டியில் குற்றம் இருக்காது ஐயா, வைத்த இடத்தில்தான் இருக்கும். வரப்பின் மேல் வரிசையாக, பத்தடிக்கு ஒன்று என்று ஊன்றியிருப்பீர்கள். எலி அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

முதல் நாள் மாலை வரப்பைச் சுற்றி வந்து கண்ணில் படும் வளைகளையெல்லாம் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் விடியலில் போய்ப் பாருங்கள். எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புதுமண் குவிந்திருக்கிறதோ அதில்தான் குடியிருப்பு. வரப்பெலி, அதாவது பெருச்சாளியின் சின்னத் தம்பி, உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அந்த மண்ணைக் கிள்ளிப் பாருங்கள். ஈரமாக, உருண்டையாக இருந்தால் நேற்றிரவு தள்ளியது.

அந்த வளையிலிருந்து பயிருக்குள் ஒரு தடம் போகும். குனிந்து பார்த்தால்தான் தெரியும்: மூன்று விரல் அகலம், இருபுறமும் தாள் விலகி, நடுவில் சேறு வழவழவென்று இருக்கும். ஊன்றுகுச்சியை அந்தத் தடத்தின் ஓரத்தில் குத்துங்கள். வில் வளைந்து நிற்க, இரை தடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எலி இரையைப் பற்றி இழுத்ததும் தடைக்குச்சி நழுவும், வில் நிமிரும், கயிறு கழுத்தில் இறுகும். தடைக்குச்சி பட்டும் படாமலும் நிற்க வேண்டும். அழுத்தமாகக் கொடுத்தால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மிக லேசாகக் கொடுத்தால் தவளை குதித்தாலே விழும்.

மாலை மங்கும் நேரத்தில் வையுங்கள், விடியுமுன் எடுங்கள். எத்தனை வைத்தீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள். விட்டுப்போன ஒரு கிட்டி பகலில் கொக்கின் காலையோ பக்கத்து வீட்டுக் கோழியையோ பிடிக்கும்.

ஏக்கருக்கு எத்தனை? இரை என்ன? (பாபநாசம்)

ஏக்கருக்கு 40. இரை, வறுத்த அரிசியை இடித்து நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த உருண்டை. கதிர் பால் பிடித்தபின் அரிசிக்கு மயங்காது, கருவாடு வையுங்கள்.

வரப்பைச் சுற்றிக் கம்பி இழுத்து இரவில் மட்டும் மின்சாரம் கொடுக்கலாமா? (திருவாரூர்)

கூடாது. சட்டப்படி குற்றம். ஈர வரப்பில் இரவில் தண்ணீர் பார்க்க வருகிறவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

இரையாகத் தக்காளி வைக்கலாமா? (கும்பகோணம்)

பாபநாசத்தாருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வளை வெட்டும் ஆட்களை வரவழைத்தேன். எலியோடு நான்கு படி நெல்லும் எடுத்தார்கள், அதையும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். என் வயல் நெல் எனக்குத்தானே? (மன்னார்குடி)

இல்லை. வளை நெல் வெட்டியவருக்கு. எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான், நியாயமும்கூட.

*(இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. 'கூலியும் கொடுத்து நெல்லும் கொடுப்பதா?' என்கிறார் ஒருவர். 'வழக்கம் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்கிறார் மற்றவர்.)*

சரி, விரிவாகவே சொல்கிறேன். ஒரு வளையை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வாசல் ஒன்று போலத் தெரியும், உள்ளே நாலைந்து கிளை. ஒன்றில் வைக்கோல் மெத்தை, அதில் கண் திறக்காத குஞ்சுகள். இன்னொன்று களஞ்சியம்: நறுக்கிய கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். தப்பி ஓட ஒரு கிளை, மேலே விரல்கடை மண் மட்டும் விட்டு மூடி. வெட்டத் தெரியாதவன் வாசலில் தோண்டிக்கொண்டிருக்கும்போது எலி அந்த வழியில் பிய்த்துக்கொண்டு போய்விடும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் சட்டியில் புகை மூட்டி வளைக்குள் ஊதுவார்கள். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் நீர். எங்கே புகை கசிகிறது என்று பார்த்துப் பின்வாசலைக் கண்டுபிடிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் நான்கு படி நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பதா? அந்த எலி உயிரோடிருந்தால் அந்த நெல் உங்கள் வீட்டுக்கு வந்திருக்குமா? மூன்று வாரத்தில் ஈனும், ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குஞ்சு. அதைத்தான் கணக்கிட வேண்டும்.

கூலி பேசும்போதே நெல்லைப் பற்றியும் பேசிவிடுங்கள். வெட்டிய வரப்பை மண் போட்டு மிதித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். சண்டை போடவேண்டிய இடம் அதுதான், நெல் அல்ல.

*('எங்கள் ஊரில் பாதிப் பாதி' என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்.)* சம்மதித்துச் செய்தால் சரி. போதும், அடுத்தது.

மருந்து வைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா? (பேராவூரணி)

துத்தநாக பாஸ்பைடு வைப்பார்கள். முதல் இரண்டு நாள் மருந்து கலக்காத பொரியை வைத்துப் பழக்கிவிட்டுத்தான் கலக்க வேண்டும். அப்படியும் அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்தப் பொரியை மறுபடி தொடாது. மனிதர் வயிற்றில் போனால் முறிவு மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. வீட்டில் பழையது இருந்தால் குழந்தை கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

வீட்டுப் பரணில் எலி. கிட்டி வைக்கலாமா? (திருச்சி)

வேண்டாம் அம்மா. கூண்டுப்பொறி போதும்.

எலி பிடிக்கும் கூகை உட்காரக் குச்சி நடுவது பயன் தருமா? (அம்மாபேட்டை)

தரும். தலையில் குறுக்குக்கட்டை வைத்த கம்பாக, பயிருக்கு மேலே நிற்கும் உயரத்தில் நடுங்கள். பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் குருவி வந்து உட்காரும்.

பேட்டரி மின்சாரம் என்றால் பரவாயில்லையா? (திருவாரூர்)

முன்பு கேட்டவரேதானே? எலிக்குக் கம்பி கட்டும் கேள்விக்கு இனி நான் பதில் சொல்லப்போவதில்லை.

கதிர் முற்றத் தொடங்கிவிட்டது. இப்போது கிட்டி வைத்தால் பலன் உண்டா? (குறுவைக்காரர், இரண்டு பேர்)

கொஞ்சம் உண்டு. ஆனால் வயல் முழுக்க நெல் தொங்கும்போது உங்கள் உருண்டையை எது தேடி வரும்? தூர் கட்டும்போதே வைத்திருக்க வேண்டும். அடுத்த பட்டத்துக்கு இரண்டு வேலை. வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேல் விடாதீர்கள். தடித்த வரப்பு எலிக்கு மாடிவீடு. இன்னொன்று, பக்கத்து வயல்காரரையும் கூட்டி ஒரே இரவில் வையுங்கள். நீங்கள் மட்டும் வைத்தால் அவர் வயலிலிருந்து பத்தே நாளில் புதுக்குடித்தனம் வந்துவிடும். அவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று இருவருமே எழுதியிருக்கிறீர்கள். கிட்டி வைக்கும் ஆளை விட்டுப் பேசச் சொல்லுங்கள், அவர் இரண்டு வீட்டுக்கும் போகிறவர்தானே.