மூடப்பட்டதா, சூலூரில் பறக்கிறதா? 18ஆம் ஸ்குவாட்ரனின் கதை

கேள்வி: என் அப்பா இந்திய விமானப்படையில் ஏர்மேனாக இருந்தவர். 1971 போரின்போது 18ஆம் ஸ்குவாட்ரனில் நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானங்களைப் பராமரித்ததாகச் சொல்வார். அவருடைய சதாபிஷேகத்துக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம். அந்த ஸ்குவாட்ரன் 2016-இல் மூடப்பட்டது என்று ஓரிடத்தில் படித்தேன். இப்போது சூலூரில் இருப்பதாக இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி? அப்பா சூலூரில் இருந்தார் என்று போடலாமா?

பதில்: நீங்கள் படித்த இரண்டிலுமே உண்மை இருக்கிறது. ஆனால் சூலூர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஸ்குவாட்ரன் என்பது விமானங்களும் ஆட்களும் சேர்ந்த ஒரு படையணி. அது ஊரும் இல்லை, விமானமும் இல்லை. அதன் அடையாளம் அதன் எண். பழைய விமானங்கள் ஓய்வு பெற்று, புதியவை வராத நிலையில், விமானப்படை அந்த எண்ணை எடுத்து வைத்துவிடும். இதை ‘நம்பர் பிளேட்’ செய்வது என்பார்கள். கலைத்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பின்னால் புது விமானங்கள் வரும்போது அதே எண், அதே சின்னம், அதே போர்ப் பெருமையோடு ஸ்குவாட்ரன் மறுபடி எழும்.

18ஆம் ஸ்குவாட்ரன் 1965 ஏப்ரல் 15 அன்று நாட் விமானங்களோடு உருவானது. ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’ என்பது அதன் செல்லப்பெயர். பிற்காலத்தில் மிக்-27 விமானங்களை ஓட்டியது. 2015 நவம்பரில் குடியரசுத் தலைவரின் கொடியைப் பெற்று, 2016 ஏப்ரலில் நம்பர் பிளேட் ஆனது. 2020 ஏப்ரல் 1 அன்று சூலூரில் மறுபிறவி எடுத்து, அடுத்த மாதமே தேஜஸ் விமானங்களுடன் செயல்பாட்டுக்கு வந்தது. அதாவது சூலூருக்கும் உங்கள் அப்பாவின் பணிக்காலத்துக்கும் நடுவே சுமார் அரை நூற்றாண்டு இடைவெளி.

மலரில் முக்கிய இடம் பெற வேண்டியது ஸ்ரீநகர். 1971-இல் இந்த ஸ்குவாட்ரனின் ஒரு பிரிவு, அவர்கள் வழக்கில் ‘டிடாச்மென்ட்’, காஷ்மீர் பள்ளத்தாக்கின் வான்காவலுக்காக அங்கே நின்றது. டிசம்பர் 14 காலையில் ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்தன. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் மேலெழும்பிப் போரிட்டு வீரமரணம் அடைந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அந்த நாட் பறக்கும் நிலையில் இருந்ததற்குப் பின்னால் தரையில் நின்ற ஏர்மேன்களின் உழைப்பு இருக்கிறது. பெரும்பாலான வரலாறுகள் அவர்கள் பெயரைச் சொல்வதே இல்லை. அதனால்தான் உங்கள் மலர் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்பா ஸ்ரீநகரில் இருந்தாரா, முதன்மைத் தளத்தில் இருந்தாரா என்பதை அவரிடமே கேளுங்கள். டிடாச்மென்ட்டுக்கு எல்லோரும் போவதில்லை. அவருடைய பதக்கங்களையும் எடுத்துப் பாருங்கள். மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார். அவரிடம் இருப்பது பூர்வி ஸ்டார் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அதே போரில் கிழக்கே நாட் ஓட்டியவை 22ஆம் ஸ்குவாட்ரன் போன்ற வேறு ஸ்குவாட்ரன்கள். கிழக்கு எல்லையில் நடந்த போய்ரா வான்சண்டை 22ஆம் ஸ்குவாட்ரனுடையது. நினைவில் எண் மாறியிருக்கலாம், அல்லது இடையில் மாற்றல் ஆகியிருக்கலாம்.

விமானத்தோடு எடுத்த பழைய படம் இருந்தால், அதன் உடலில் எழுதியிருக்கும் எண்ணை ஸ்குவாட்ரன் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த ஒரு விமானத்தின் எண். ஒரே விமானம் ஒரு ஸ்குவாட்ரனிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சாதாரணம். படத்தின் பின்பக்கத்தில் தேதியோ ஊரோ குறித்திருந்தால் அதுதான் பயன்படும்.

உறுதியான சான்று, பணி முடியும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கிடைக்கும். அது தொலைந்திருந்தால், ஏர்மேன்களின் ஆவணங்களை வைத்திருக்கும் விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு, புது டெல்லி சுப்ரதோ பார்க் முகவரிக்கு, எழுதுங்கள். சர்வீஸ் எண், பதவி, டிரேட் (செய்த தொழிற்பிரிவு), சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். இது தனிப்பட்டவரின் ஆவணம் என்பதால், நீங்கள் எழுதுவதைவிட அப்பாவே கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது. பதில் வரத் தாமதமாகலாம், விழாவுக்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.